எலிக்குப் பலித்த தடுப்பூசிக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 28, கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாயும் அடைப்பு, ஒன்றில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் ‘கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ்’. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. தொந்தரவு எதுவும் இல்லையென்று அவர் டெஸ்ட் எடுக்கவில்லை. கிளமிடியா தடுப்பூசி போட்ட எலிகளுக்குக் கருக்குழாய் கெடவில்லை என்று செய்தி படித்தேன். அந்த ஊசி வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கிளமிடியா உடலுறவில் பரவும் ஒரு பாக்டீரியா. அது வருமுன் போடுகிற ஊசி அது. அடைத்த குழாயை அது திறக்காது.

எலிச் செய்தியை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். படித்த காலத்தில் எலிக்கூண்டுகளோடு நானும் மல்லாடியவன்தான். பெண் எலியின் சுழற்சி நாலைந்து நாளில் முடிந்துவிடும், மாதவிலக்கு கிடையாது. அதன் பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒரு நாள் காய்ந்த சருகு மாதிரி தட்டைச் செல்கள், இரண்டு நாள் கழித்து வெள்ளணுக்கள் மட்டும். சருகு நாளில் கிருமியை விட்டால் சரியாக ஒட்டாது. அதனால் ஒரு வாரம் முன்பே புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊசி போட்டு எல்லா எலிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவோம். மனிதக் கிருமியை எலி சீக்கிரம் விரட்டிவிடும் என்பதால், பெரும்பாலும் எலிக்கே உரிய ‘கிளமிடியா மியூரிடாரம்’ என்ற இனத்தைத்தான் விடுவார்கள். அதையும் எலி ஏறக்குறைய நான்கு வாரத்தில் துடைத்துவிடும். பெண்களிடம் இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலரிடம் வருடத்துக்கு மேலும், சத்தமில்லாமல் இருக்கும். பெண்களின் பிறப்புறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா காக்கும் புளிப்பும் (அமிலத்தன்மை) எலியிடம் இல்லை. ஆக, அந்தச் செய்தியில் ஜெயித்தது வேறொரு உடம்பு, பெரும்பாலும் வேறொரு கிருமி.

மனிதர்களிடம் ஒரு தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனை முடிவு 2019இல் வந்தது. 35 பெண்கள். ஊசி பாதுகாப்பானதா, எதிர்ப்புச்சக்தி உண்டாகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். நோயைத் தடுக்கிறதா என்பது அதில் சோதிக்கப்படவில்லை.

அதற்காக எலியை ஒதுக்கிவிடவும் முடியாது. உங்களுக்கு உதவுகிற ஒரு விஷயத்தை அதுதான் தெளிவாகக் காட்டியது. தொற்றிய சில நாளிலேயே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகள் பிறகு குட்டி போட்டன. தாமதமாகக் கொடுத்தவற்றில் கிருமி செத்தும் மலடு மாறவில்லை. கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களே குழாயைத் தழும்பாக்கிவிட்டுப் போகின்றன. வயிற்றைத் திறந்தால் மெல்லிய நூலாக இருக்க வேண்டிய குழாய், கண்ணாடிபோல் உப்பி நீர் தளும்ப நிற்கும். உங்கள் எக்ஸ்ரேயில் சொன்னது இதைத்தான்.

இனி உங்கள் ரிப்போர்ட். ஐஜிஜி என்பது எப்போதோ தொற்று வந்துபோனதன் அடையாளம். இன்றும் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு உங்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்து எடுக்கும் மாதிரியிலும், கணவருக்குச் சிறுநீரிலும் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் பார்க்க வேண்டும். ஆண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, எனவே ‘தொந்தரவு இல்லை’ என்பது பதிலாகாது. யாரிடமிருந்து யாருக்கு என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். எப்போது வந்தது என்றே பெரும்பாலும் தெரியாது. இருந்தால் இருவருக்கும் சேர்த்து மருந்து: வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இரண்டு வேளை, ஏழு நாள், டாக்டர் சீட்டோடு. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். அந்த ஏழு நாளும் உடலுறவு கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவில் காட்டலாம். அங்கே ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: காசநோய். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது பெரிய காரணம், மருந்தோ முற்றிலும் வேறு. கருப்பை உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

குழாய் நிஜமாகவே அடைத்திருக்கிறதா என்று லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) உறுதி செய்யலாம். எக்ஸ்ரேயின்போது குழாய் இறுகிக்கொண்டாலும் அடைப்பு போலத் தெரியும். நீர் கோத்த குழாயை அப்படியே விட்டு ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) செய்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை முதலில் எடுத்துவிடவோ கிளிப் போடவோ சொல்வார்கள், பயப்படாதீர்கள். போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் எக்ஸ்ரே ஃபிலிமையும் கையோடு கொண்டுபோங்கள்.