ஓட விடுவதற்கு முன் ஒரு வரி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கம்பஸ் பிள்ளைகளுடையது, மீதியில் அநேகமானவை அவர்களைப் பெற்றவர்களுடையவை. ஒரே ஒரு கடிதம் படிப்பிக்கிறவரிடமிருந்து. நானும் கொழும்பில் 27 வருடம் கணினி படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி: மிஸ், எங்களுக்குக் கிழமைக்கு ஒரு 'ரிஃப்ளெக்டிவ் ஜேர்னல்', அதாவது அந்தக் கிழமை என்ன படித்தோம், எங்கே இடறினோம் என்ற குறிப்பு, எழுதிக் கொடுக்க வேண்டும். 300 சொல், பத்துப் புள்ளி. ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதுகிறோம். சேர் வாசிப்பதாகவும் தெரியவில்லை. இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?
(இரண்டாம் வருட மாணவி, வெள்ளவத்தை)

பதில்: வாசிப்பார், பிள்ளை. நான் வாசித்திருக்கிறேன். ஒரு வருடம் 84 ஜேர்னல்களை ஒரு சனி ஞாயிறில் வாசித்து முடித்தேன். அறுபதுக்கு மேல் ஒரே வசனம்: 'இந்தக் கிழமை குழுவாக வேலை செய்வதன் அருமையையும் நேர முகாமைத்துவத்தையும் கற்றுக்கொண்டேன்.' சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பு. அப்போதெல்லாம் சீனியர் அக்காவின் பழைய ஃபைல்தான் அந்த வேலையைச் செய்தது.

அந்த 84 பேரில் எனக்குக் கோபமில்லை. 'உன் குறையைச் சொல், பத்துப் புள்ளி தருகிறேன்' என்று கேட்டவள் நான்தானே. புள்ளி கிடைக்கிற குறையாகப் பார்த்து எழுதினார்கள்.

தன் வேலையைத் தானே யோசித்துப் பார்ப்பதற்கு ஆசிரியர் பயிற்சியில் 'பிரதிபலிப்பு' என்று பெயர். எனக்கு அந்தச் சொல் ஒட்டவேயில்லை, கண்ணாடிக்கு முன் நின்று தலை வாருகிற மாதிரி இருக்கும். இதைப் பற்றி அதிகம் யோசித்த அமெரிக்கர் டொனால்ட் ஷோன். 1983இல் அவர் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: வேலை கையில் இருக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. கட்டடக்கலை மாணவி வரைந்துகொண்டிருக்க, பக்கத்தில் ஆசிரியர் இருந்து கதைத்துக் கதைத்துத் திருத்துவதை அவர் ஆராய்ந்திருந்தார். கம்பஸ்களில் நாங்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதையும் ஞாயிறு இரவுக்குத் தள்ளிவிட்டோம்.

மறு வருடம் ஜேர்னலை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சி.ஆர். கொப்பி வாங்கச் சொன்னேன். புரோகிராமை ஓட விடும் ரன் பட்டனைத் தட்ட முன், திரையில் என்ன வரும் என்று ஒரு வரி. தட்டியபின், என்ன வந்தது என்று ஒரு வரி. இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று இன்னொரு வரி. பேனையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. எழுதியதற்குத்தான் புள்ளி, ஊகம் சரியா பிழையா என்பதற்கு இல்லை.

முதல் கிழமையே ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 'எக்ஸ் சமன் எக்ஸ் சக 1 என்பது பொய். இரு பக்கமும் எக்ஸைக் கழித்தால் 0 = 1 வருகிறது. ஆனாலும் கொம்பியூட்டர் ஒன்றும் சொல்லவில்லை.' இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவள். சமன் குறி புரோகிராமில் 'வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு' என்கிற கட்டளை என்று நான் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன், ஸ்லைடும் இருந்தது. அவளுடைய பதின்மூன்று வருடக் கணிதத்துக்கு முன் என் ஒரு ஸ்லைட் எம்மாத்திரம்? 300 சொல் ஜேர்னலில் இப்படி ஒரு வரி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எட்டாம் கிழமை ஒரு பையன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். 'மிஸ், பதினாலு பிழையில் ஒன்பது ஒரே பிழை.' ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப்; பத்துத் தரம் சுற்ற வேண்டியது அவனுக்குப் பதினொரு தரம் சுற்றும். 'சிறியது' என்று போட வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமன்' என்று போடுவான். அதே பிழையை நான் மூன்று அசைன்மென்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தேன். அந்த வட்டங்களைப் பார்த்த ஞாபகமே அவனுக்கு இல்லை.

சேர் 300 சொல் கேட்கிறாரா? கிழமை முழுக்க இப்படி எழுதிய வரிகளைக் கூட்டிக் கொடு, தாராளமாக வரும். சாட்ஜிபிடியிடம் கேட்காதே என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் கேட்கப் போவதில்லை. கேட்பதற்கு முன் அது என்ன சொல்லும் என்று நீ நினைப்பதைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கேள்.

கேள்வி: மகன் கம்பஸில் முதலாம் வருடம், சொஃப்ட்வேர் படிக்கிறான். உயர்தரத்தில் ஐ.சி.டி.க்கு ஏ எடுத்தவன், இங்கே புரோகிராமிங் பாடத்தில் பெயில். கட்டிய காசை நினைத்தால் நித்திரை வருவதில்லை. அவனுக்கு அதற்கான மூளை இல்லையோ? டியூசனுக்கு விடலாமா?
(ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, முதலில் நித்திரை கொள்ளுங்கள். 15 நாடுகளில் 161 முதலாம் வருடப் புரோகிராமிங் பாடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெயில். 2001இல் மைக்கேல் மெக்ராக்கன் என்பவரும் சகாக்களும் நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களுக்குச் சோதனை வைத்தார்கள். எல்லாரும் புரோகிராமிங் பாடம் படித்தவர்கள். 110க்குச் சராசரிப் புள்ளி 22.89. அத்தனை பேருக்கும் மூளை இல்லை என்று சொல்ல முடியுமா?

மூன்று வருடம் கழித்து, ரேமண்ட் லிஸ்டர் என்ற அவுஸ்திரேலியப் பேராசிரியரின் குழு பல நாடுகளில் இதையே வேறு விதமாகப் பார்த்தது. எழுதச் சொல்லவில்லை. ஏற்கெனவே எழுதிய சிறிய புரோகிராம்களைக் கொடுத்து, 'இது ஓடினால் என்ன வரும்?' என்கிற மாதிரிப் பன்னிரண்டு கேள்விகள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம்பிக்கை வந்தது இன்னும் பிந்தி, 2022 மார்ச் கடைசியில். கொழும்பில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, டீசல் இல்லை, லாப் பூட்டியாயிற்று. வேறு வழியில்லாமல் டியூட்டை (பயிற்சிக் கேள்விகளை) தாளில் அச்சடித்துக் கொடுத்து, கையால் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வரிக்கு வரி பெட்டி கீறி, எந்தப் பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதி, மாறினால் வெட்டி, புதிதாக எழுதி. பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு, டியூட்டாலேயே விசிறிக்கொண்டு செய்தார்கள். லாப் திறந்தபின் அந்த பாட்ச் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. 'மிஸ், வேலை செய்யுதில்லை' என்பது குறைந்து, 'ஏழாவது வரிக்குப் பிறகு எனக்கு 4 வர வேணும், 5 வருது' என்று வந்து நின்றார்கள். இதை ஆய்வென்று சொல்லமாட்டேன், ஒரு வகுப்பில் ஒரு தரம் கண்டது. ஆனால் கரண்ட் வந்த பிறகும் நான் தாளை விடவில்லை.

மகன் தமிழ் மொழிமூலமா? அப்படியென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் 'மாறி', 'அணி', 'வழு' என்று படித்தவன். கம்பஸில் எல்லாம் ஆங்கிலம். பாடம் தெரியும், அந்தப் பாடம்தான் இது என்று தெரியாது. முதல் செமஸ்டர் முழுக்க இப்படி இழுபட்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதி ஒரு பட்டியல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

டியூசன் வேண்டாம். அங்கே பழைய வினாத்தாளுக்கு விடை சொல்லிக் கொடுப்பார்கள், அதைத்தான் அவன் உயர்தரத்திலேயே நன்றாகச் செய்துவிட்டானே. அந்தக் காசுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவனுக்கு முன் உட்காருங்கள். எழுதிய புரோகிராமை ஒவ்வொரு வரியாக உங்களுக்கு விளக்கட்டும். உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியாது என்பது இங்கே பெரிய வசதி. பிழை பிடிபடாதபோது புரோகிராம் எழுதுகிறவர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு விளக்குவார்கள், விளக்கும்போதே பிழை தெரிந்துவிடும். வாத்து இடையில் 'அது ஏன்?' என்று கேட்காது. நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: முதலில் படிக்க பைதான் நல்லதா, ஜாவா நல்லதா?
(தெகிவளை)

பதில்: உங்கள் கம்பஸ் எதைப் படிப்பிக்கிறதோ அது. இந்தக் கேள்வியில் ஒரு வருடத்தைப் போக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) வெளிவாரியாகப் படிக்கிறேன். வகுப்பும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. தனியே படிக்கிறவன் தன்னைத் தானே எப்படித் திருத்துவது?
(29 வயது)

பதில்: தம்பி, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் அந்தப் பட்டத்தைத் தொடங்கியதே உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான். முதல் கேள்விக்கு எழுதிய கொப்பி உங்களுக்கும் பொருந்தும். கூட ஒன்று: 'கிட்' பழகுங்கள், புரோகிராமில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் கருவி அது. எழுதியதைச் சேமிக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு குறிப்புக் கேட்கும். என் மாணவர்கள் அதில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று போட்டு வைப்பார்கள். நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்று போடுங்கள். கடைக் கணக்கில் 'பல செலவு' என்று எழுதினால் முதலாளி விடுவாரா? மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை மட்டும் ஒரு பின்னேரம் இருந்து வாசியுங்கள். ஒரே இடத்தை நாலு தரம் மாற்றியிருப்பீர்கள். அந்த இடத்தில்தான் உங்களுக்குப் பாடம் விளங்கவில்லை.

கேள்வி: தனியார் கம்பஸ் ஒன்றில் புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். 120 பேர். 'விளங்கிச்சா?' என்று கேட்டால் 'ஓம் சேர்'. சோதனைத் தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
(பம்பலப்பிட்டி)

பதில்: 'விளங்கிச்சா?' என்று கேட்பதில். எங்கள் ஊரில் அதற்கு 'ஓம்' என்பது மரியாதை, தகவல் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிக்கர்ஷன், தன்னைத் தானே கூப்பிடும் ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று எழுதும் புரோகிராம் துண்டு), எனக்குப் பிடித்த பாடம். ஹனோய் கோபுரத்தை, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பத்துக்குக் கம்பம் மாற்றும் புதிரை, மரத்தட்டுகளோடு மேடையில் செய்து காட்டுவேன், கைதட்டுவார்கள். மூன்று வருடம் அப்படியே போயிற்று. நாலாம் வருடம் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் முன்பு ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, 'இன்றைக்கு ஆகக் குழப்பமாக இருந்தது எது?' என்று எழுதச் சொன்னேன். (ஹார்வர்டில் ஃபிரடெரிக் மோஸ்டெல்லர் என்ற புள்ளிவிபரவியல் பேராசிரியர் 1980களின் கடைசியில் செய்த வேலை இது.) அறுபத்துச் சொச்சம் துண்டு வந்தது. நாற்பதில் ரிக்கர்ஷன் என்ற பேச்சே இல்லை. 'ரிட்டர்ன் என்றால் எங்கே ரிட்டர்ன்?' 'ரிட்டர்னும் பிரிண்டும் ஒன்றுதானே?' ரிட்டர்ன் விடையைக் கூப்பிட்ட இடத்துக்குத் திருப்பிக் கொடுக்கும், பிரிண்ட் திரையில் காட்டும். ஐந்தாம் கிழமைப் பாடம்! அது தெரியாதவர்களுக்குப் பத்தாம் கிழமை நான் கோபுரம் காட்டியிருக்கிறேன். அன்று 101ஆம் நம்பர் பஸ்ஸில் வீடு போகும்வரை எனக்கு அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது.

அதற்குப் பிறகு நானும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். வகுப்புக்குப் போக முன், இன்றைக்கு எங்கே இடறுவார்கள் என்று என் ஊகம். துண்டுகளை வாசித்தபின், எங்கே இடறினார்கள். முதல் செமஸ்டரில் பன்னிரண்டு வகுப்பில் மூன்றில்தான் என் ஊகம் சரி. அதுவும் அப்போதே பதினெட்டு வருடம் படிப்பித்திருந்தவளுக்கு.

120 பேருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஹார்வர்டின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கியது. கேள்வியொன்றைப் போட்டு நாலு விடை கொடுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியே தெரிவு செய்யட்டும். விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, மறுபடி தெரிவு செய்யச் சொல்லுங்கள். லியோ போர்ட்டரும் சகாக்களும் அமெரிக்காவின் சான் டியாகோவில் நான்கு கணினிப் பாடங்களில் இப்படிச் செய்தவர்களின் பெறுபேறுகளை 2013இல் வெளியிட்டார்கள். பெயிலானவர்களின் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எங்கள் வகுப்புக்கு நான் சேர்த்தது ஒன்றுதான்: அந்த இரண்டு நிமிடமும் தமிழிலோ சிங்களத்திலோ கதைக்கட்டும். ஆங்கிலத்தில்தான் கதைக்க வேண்டும் என்றால் வகுப்பு மௌன விரதம் இருக்கும். கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும், பக்கத்து அறையிலிருந்து முறைப்பாடு வரும். எனக்கு இரண்டு தரம் வந்தது.

செமஸ்டர் முடிவில் நிர்வாகம் தரும் மதிப்பீட்டுப் படிவத்தை நம்பி இருக்காதீர்கள். அது வரும்போது அந்தப் பிள்ளைகள் சோதனையும் எழுதிப் போய்விட்டிருப்பார்கள்.

துண்டில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். அப்படியும் பயப்படுவார்கள். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று இடது கையால் கோணல் மாணலாக எழுதிய துண்டொன்று இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது: 'மிஸ், கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கோ.'