அப்பத்தாவின் ஊசியும் பிள்ளையார் நோன்பும்

கேள்வி: என் அப்பத்தா பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அது மாட்டிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு இழை எடுக்கும் வரை ஊசியே வேண்டாம் என்கிறார். "இல்லை, பாக்டீரியாவில் செய்வது" என்றேன். "கிருமியா?" என்று இன்னும் மிரண்டுவிட்டார். எது உண்மை?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில், ஊசியை ஒரு நாள்கூட அவராக நிறுத்த விடாதீர்கள். 21 நாள் என்பது உயிரோடு விளையாடுவது. நோன்பன்று திரியிழையை ஏற்றிச் சாப்பிடும் இழை மாவில் வெல்லம் இருக்கிறதே, அதையும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

ஆச்சி காதில் விழுந்தது பழைய கதைதான், பொய்யில்லை. 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது மாட்டுக் கணையத்துச் சாறு. அப்புறம் வெகுகாலம் மாடும் பன்றியும்தான். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்து காட்டினார்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. உங்கள் புட்டியில் 'ஹியூமன் இன்சுலின், ஆர்.டி.என்.ஏ.' என்று இருந்தால் அது இப்படி மரபணுவை வைத்து, பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ செய்தது. 'ஹியூமன்' என்றிருப்பதால் மனுஷனிடம் எடுத்தது என்று அடுத்த வதந்தி கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

நான் தேவகோட்டைக்காரன், பெங்களூரில் பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டியான ஃபெர்மென்டர் பக்கத்திலேயே ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். இட்லி மாவைப் புளிக்க வைக்க எந்தக் கிருமி வந்தாலும் நாம் கேட்பதில்லை. அங்கே வெளிக்கிருமி ஒன்று நுழைந்தாலும் தொட்டி முழுவதும் வீண். குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அதிகமானால் பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தைக் கக்கி, தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்ளும். சர்க்கரை தீர்ந்ததும் மூச்சு வாங்குவது குறைந்துவிடும், உடனே திரையில் ஆக்ஸிஜன் அளவு விர்ரென்று ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கோடு ஏறினால் தூக்கம் எங்கே வரும்! போதாததற்கு அவை விடும் சூடு வேறு. தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். ஈ.கோலைக்குள் இன்சுலின் கரையாத கட்டியாகக் கிடக்கும். செல்லை உடைத்து, கட்டியைக் கரைத்து, சரியான வடிவத்தில் மடியவைத்து, வேண்டாத துண்டை நொதியால் வெட்டி எடுத்து, வடிகுழாய் ஒவ்வொன்றாக விட்டு வடித்துச் சுத்தம் செய்து, கடைசியில் துத்தநாகம் சேர்த்துப் படிகமாக்குவார்கள். ஊசியில் ஏறும்போது அதில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இருக்காது. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை வருமே, அது கெடாமலிருக்கச் சேர்க்கும் கிரெசால். வெட்டும் நொதியைக்கூட நுண்ணுயிரிலேயே தயாரித்துக்கொள்ளும் ஆலைகள் உண்டு. ஆச்சி அவ்வளவு தூரம் கேட்டால் சொல்லுங்கள்.

திறக்காத புட்டி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும், ஃபிரீசரில் வேண்டாம். உறைந்துவிட்டால் உருக்கிப் போடாமல் தூக்கிப் போடுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கரண்ட் போனால், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் புட்டியை நனையாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தால் சமாளிக்கலாம்.