தாவர நுண்குமிழிகளும் அலர்ஜியும்: கேட்டவர்களுக்குப் பதில்

இஞ்சி, திராட்சை, எலுமிச்சை மாதிரி உண்ணும் தாவரங்களிலிருந்து நுண்குமிழிகளைப் பிரித்து, ‘தாவர எக்ஸோசோம்’ என்ற பெயரில் மாத்திரையாகவும் சீரமாகவும் விற்கிறார்கள். இவை அலர்ஜி தருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உணவு அலர்ஜிப் புரதங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இவை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தவையா?

இல்லை. தாவர செல்கள் தாமாகவே வெளியே விடும் கொழுப்புச் சவ்வு உறைகள் இவை. பெரும்பாலானவை 30 முதல் 200 நானோமீட்டர் அளவில் இருக்கும். உள்ளே புரதம், கொழுப்பு, குட்டி ஆர்.என்.ஏ. எல்லாம் உண்டு. ஒரு பழத்தைக் கடித்தாலே இவற்றையும் சேர்த்துத்தான் விழுங்குகிறோம்.

ஒரு சிக்கல் உண்டு. பழத்தை அப்படியே அரைத்துப் பிழிந்து எடுக்கும்போது, செல் வெளியே விட்ட குமிழிகள் மட்டும் வருவதில்லை. உடைந்த செல்லின் சவ்வுத் துண்டுகளும் சுருண்டு குமிழியாகிச் சேர்ந்துகொள்ளும். விற்பனைக்கு வருபவற்றில் பல இந்தக் கலவைதான்.

கேள்வி: என் மகளுக்கு பீச் பழம் ஆகாது, எல்.டி.பி. அலர்ஜி என்று டாக்டர் சொன்னார். பழக் குமிழி மாத்திரை விற்பவரோ, “இது சுத்திகரித்தது, புரதமே இல்லை” என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. மூலப்பொருள் பீச்சாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். வேறு பழமாக இருந்தாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எல்.டி.பி. என்பது கொழுப்பைச் சுமக்கும் ஒரு சின்னப் புரதம், சுமார் 9 கிலோடால்டன். நான்கு கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் சூட்டுக்கும் மசியாது, வயிற்றிலுள்ள பெப்சினுக்கும் மசியாது. பீச்சில் இது தோலில்தான் அதிகம். ஆப்பிள், ஹேசல்நட், வால்நட் என்று பலவற்றிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. கொழுப்போடு ஒட்டிப் பழகிய புரதம், கொழுப்புச் சவ்வால் ஆன குமிழியோடு சேர்ந்து வந்தால் அதில் வியப்பில்லை.

“புரதமே இல்லை” என்ற பேச்சை நான் நம்பமாட்டேன். குமிழியின் சவ்விலேயே புரதம் பதிந்திருக்கிறது. போதாததற்கு, வழக்கமான முறையில் சாற்றை புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றி அடியில் படிய வைக்கிறார்கள். அப்போது திரண்டு கிடக்கும் புரதக் கட்டிகளும் கூடவே படியும். அளவு வாரியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி வழியாகச் செலுத்தினால் குறையும், ஒழியாது.

அப்புறம், எல்.டி.பி. அலர்ஜியில் இன்னொரு குணம் உண்டு. சும்மா சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத அளவு, உடற்பயிற்சியோ வலி மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் கடுமையாகிவிடும். “நேற்று போட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஆப்பிள் கடித்தால் வாய் அரிக்கும், வேகவைத்தால் ஒன்றுமில்லை. ஆப்பிள் குமிழி?

பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் மகரந்தத்துக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு இது சகஜம். அந்த மகரந்தத்தின் முக்கியப் புரதத்துக்கு ஆப்பிளில் ஒரு சாயல் புரதம் இருக்கிறது. அது சூட்டில் குலைந்துவிடும், அதனால்தான் வேகவைத்தது ஒத்துப்போகிறது. குமிழிகளைப் பிரிப்பதோ குளிரூட்டிய நிலையில், பெரும்பாலும் 4 டிகிரியில். வேகவைத்த ஆப்பிளின் பாதுகாப்பை அதில் எதிர்பார்க்க முடியாது. பச்சை ஆப்பிளாகவே நினையுங்கள்.

கேள்வி: குமிழிக்குள் அலர்ஜிப் புரதம் இருப்பதற்கு நேரடிச் சான்று உண்டா? இல்லை, எல்லாம் ஊகமா?

மகரந்தத்தில் உண்டு. ஆலிவ் மகரந்தம் முளைக்கும்போது வெளிவிடும் குமிழிகளில் அதன் முக்கிய அலர்ஜிப் புரதமே இருப்பதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலர்ஜியைக் கிளப்பும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதம் நோயாளிகளிடம் உண்டு, அது அவற்றைப் பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் அலர்ஜி விளைவை உண்டாக்கும் பேசோபில் செல்களையும் அவை தூண்டின. மகரந்தம் மூச்சில் போவது, உணவு வயிற்றுக்குப் போவது. இதை அப்படியே பழத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் “குமிழியில் அலர்ஜன் (அலர்ஜி தரும் புரதம்) வராது” என்று சொல்லும் வழி இதோடு அடைபட்டுவிட்டது.

கேள்வி: சார், நான் ஆராய்ச்சி மாணவன். எங்கள் கிவி குமிழி மாதிரியில் எலைசா ஒன்றும் காட்டவில்லை. அலர்ஜன் இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி. (மற்றவர்களுக்கு: எலைசா என்பது எதிர்ப்புரதத்தை வைத்து ஒரு புரதத்தைத் தேடும் சோதனை.) முதலில் குமிழியை உடைத்தீர்களா? எலைசாவின் எதிர்ப்புரதம் சவ்வைத் தாண்டிப் போகாது. உள்ளே இருப்பதைப் பார்க்க டிரைட்டன் மாதிரி டிடர்ஜென்ட் போட்டுச் சவ்வைக் கரைக்க வேண்டும். அந்த டிடர்ஜென்ட் எலைசாவையே கெடுக்கிறதா என்று, தெரிந்த அளவு அலர்ஜனைச் சேர்த்தும் பாருங்கள்.

அடுத்து மூன்று குழாய் வையுங்கள். ஒன்றில் மாதிரி மட்டும். இரண்டாவதில் புரதத்தை வெட்டும் நொதி சேர்த்தது. மூன்றாவதில் டிடர்ஜென்ட்டும் நொதியும். இரண்டாவதிலேயே அலர்ஜன் காணாமல் போனால் அது வெளியே ஒட்டியிருந்தது. மூன்றாவதில் மட்டும் போனால் உள்ளே இருந்தது. ஒன்று மட்டும் கவனம்: கிவியின் ஆக்டினிடினே ஒரு புரதம் வெட்டும் நொதி. மாதிரியைத் தடுப்பான் இல்லாமல் வைத்திருந்தால் அது மற்ற புரதங்களை மென்று வைத்திருக்கும், உங்கள் எலைசா ஒன்றும் காட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ஒரு கிட் ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடும் என்பதையும் மறக்காதீர்கள். நோயாளிகளின் ரத்தச் சீரம் வைத்து இம்யூனோபிளாட் (அவர்களின் ஐ.ஜி.இ. எந்தெந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று காட்டும் சோதனை), பிறகு பேசோபில் சோதனை. அதற்குப் பிறகு எழுதலாம்.

கேள்வி: சாப்பிடவில்லை, முகத்தில்தான் பூசுகிறேன். அழகு நிலையத்தில் ஊசி உருளை ஓட்டிவிட்டுப் பூசுகிறார்கள். பயமில்லையே?

எனக்கு மாத்திரையைவிட இதுதான் கவலை. உணவுப் புரதம் வாய் வழியாகப் போனால் உடல் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளப் பழகும். காயப்பட்ட தோல் வழியாகப் போனால் அதே புரதத்தை எதிரியாகப் பதிந்துகொள்ளும் ஆபத்து அதிகம். ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பால் 2,000 பேருக்கு மேல் கோதுமை அலர்ஜி வந்தது. அதுவரை கோதுமையைத் தாராளமாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அது குமிழியில்லை, வெறும் சோப்பு. அதற்கே அப்படி என்றால், தோலில் நூற்றுக்கணக்கில் துளை போட்டுவிட்டுத் தாவரச் சாற்றின் சாரத்தைப் பூசுவதை என்னவென்று சொல்ல? அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எக்ஸோசோம் சிகிச்சை எதற்கும் ஒப்புதல் தரவில்லை என்று 2019-லேயே எச்சரித்தது.

கேள்வி: இவை அழற்சியையும் அலர்ஜியையும் குறைக்கும் என்றல்லவா படித்தேன்?

எலிகளின் குடல் அழற்சியை இஞ்சி, புரோக்கோலி, திராட்சைக் குமிழிகள் தணித்தது உண்மை. அது அழற்சி, அதாவது திசு வீங்கிச் சிவப்பது. ஒரு குறிப்பிட்ட உணவுக்கு ஐ.ஜி.இ. வைத்திருக்கும் மனிதரின் கதை வேறு. அலர்ஜனைச் சவ்வுக்குள் பொதிந்தால் ஐ.ஜி.இ. கண்ணில் படாமல் தப்பலாம், அது துகளாக இருப்பதால் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை ஆர்வமாக விழுங்கவும் செய்யலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது மூலத்தையும் உடலுக்குள் போகும் வழியையும் பொறுத்தது.

கேள்வி: லேபிளைப் பார்த்தால் தெரியாதா?

ஓரளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 அலர்ஜன்களையும் அமெரிக்காவில் 9 அலர்ஜன்களையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பீச்சும் கிவியும் இரண்டு பட்டியலிலும் இல்லை. ‘தாவர எக்ஸோசோம்’ என்று மட்டும் போட்டு எந்தத் தாவரம் என்று சொல்லாத பொருளை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு எந்த அலர்ஜியும் இல்லை.

வழக்கமாகச் சாப்பிடும் பழத்தின் குமிழி என்றால், வாய் வழியாக எடுப்பதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. பழத்தைச் சாப்பிட்டாலும் அதேதான் கிடைக்கும் என்பது என் தனிப்பட்ட முணுமுணுப்பு.

கேள்வி: எடுத்த பிறகு உடம்பெல்லாம் தடித்து மூச்சு திணறினால்?

அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது மூச்சுத் திணறலிலிருந்து காப்பாற்றாது. படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் உட்காரலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாமல் தொகுதி எண்ணோடு எடுத்துப்போங்கள். பிறகு அலர்ஜி டாக்டர் தோல் சோதனை செய்யும்போது, பழத்தோடு அந்தப் பொருளையும் சேர்த்துச் சோதிக்க அது வேண்டும்.