பையா, ரெண்டு கட்டிங்!

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் செம்பூர் வாசகர் ஒருவர், வெயிலும் டிராஃபிக்கும் தாங்கவில்லை, மும்பையில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சைக்கிள் ஓட்டினால் என்ன என்று கேட்டிருந்தார். தாராளமாக ஓட்டுங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தோம். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஒரு வரியைச் சும்மா விடவில்லை. வந்த கடிதங்களில் அச்சில் போடக்கூடியவை மட்டும் இங்கே.

கேள்வி: சனிக்கிழமை ராத்திரிகளில் மரைன் டிரைவ் வரை சைக்கிளில் போய் வருவேன். வீட்டில் ஃபில்டர் காபி போட்டு பெரிய ஃபிளாஸ்கில் கொடுப்பார்கள், அதைக் கேரியரில் கட்டிக்கொள்வது வழக்கம். போன வாரம் நரிமன் பாயிண்ட் பக்கம் கடல் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் "பையா, ரெண்டு கட்டிங்" என்று கை தட்டிக் கூப்பிட்டார்கள். கட்டிங் என்றால் இங்கே அரை கிளாஸ் டீ. நான் டீ விற்கிறவன் இல்லை என்று இந்தியில் சொல்ல வாக்கியம் தேடுவதற்குள் ஒருவன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். சரி, குடித்துத் தொலையட்டும் என்று ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்று குறை வேறு. நாற்பது ரூபாயைச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்கள். "நல்லா இருக்குடா கூத்து" என்று நான் முனகியது காதில் விழுந்ததோ என்னவோ, நிஜமான டீக்காரர் ஒருவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, "யாரு அண்ணாச்சி நீங்க? இது நம்ம ஏரியாலா வந்து யாவாரம் பண்ணுதீங்க?" என்று அசல் திருநெல்வேலித் தமிழில் பிடித்துக்கொண்டார். தப்பு யார் மேல்?
- வி.எஸ்., மாட்டுங்கா

பதில்: ஃபிளாஸ்க் மேல். நடுராத்திரி மும்பையில் கேரியரில் ஃபிளாஸ்க் கட்டிய சைக்கிள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு இந்த ஊருக்கு டீ ஊற்றுவது சைக்கிள்காரர்கள்தான். பின்னால் எவர்சில்வர் கேன், ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் பேப்பர் கப், பிஸ்கட், சிகரெட். டாக்ஸி டிரைவர், வாட்ச்மேன், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், வீட்டுக்குப் போக மனசில்லாத காதலர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். பெரும்பாலும் லைசென்ஸ் கிடையாது என்பதால் போலீஸ் ஜீப் தலை தெரிந்தால் சந்துக்குள் மாயமாகிவிடுவார்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மரைன் டிரைவ் வளைவு 3.6 கிலோமீட்டர். அதில் யார் எங்கே நிற்பது என்பதைக் காகிதத்தில் எழுதாமலே பேசி வைத்திருப்பார்கள், நீங்கள் போய் நடுவில் கடை போட்டால் கோபம் வராதா?

ஒன்று சொல்கிறேன். எழுபதாயிரம் ரூபாய் சைக்கிளில், கிளிப்பச்சை பனியனில் போகிறவர்களைவிட ராத்திரி ரோட்டை அறிந்தவர் இந்த டீக்கார அண்ணாச்சிதான். கேரியரில் அவ்வளவு கனம் இருப்பதால் அவர் ஒரு பள்ளத்திலும் சக்கரத்தை இறக்க மாட்டார். டீ தளும்பினால் நஷ்டம். எந்தத் தெரு விளக்கு எரியாது, எங்கே தரையில் பதித்த பேவர் பிளாக் கல் ஆடும் என்பதெல்லாம் மனப்பாடம். புது ரோட்டில் சந்தேகமாக இருந்தால் அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு அவர் போன தடத்திலேயே போங்கள். அந்த நாற்பது ரூபாயை அவரிடம் கொடுத்துவிட்டீர்களா என்பதை மட்டும் எழுதவில்லையே?

கேள்வி: வேலை முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு வடாலா வழியாக வருவேன். பகலில் வாலாட்டுகிற அதே நாய்கள் அந்த நேரத்தில் என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் துரத்துகின்றன. வேகமாக மிதித்தால் அவையும் வேகமாக வருகின்றன. ஒரு செருப்பு போய்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு நாய் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறது. எடுக்கத் தைரியம் வரவில்லை.
- கே.ஆர்., ஆண்டாப் ஹில்

பதில்: செருப்பை மறந்துவிடுங்கள், அது இனி உங்களுடையது இல்லை.

ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் சுபாவம். பகலில் அந்தத் தெரு எல்லாருக்கும் பொது, ராத்திரி அவற்றுக்கு மட்டும் சொந்தம். நீங்கள் மிதிக்க மிதிக்க விளையாட்டு சூடு பிடிக்கும். அதனால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் இறங்கிவிடுங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடங்கள். கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். கத்திக்கொண்டு வந்தது பாதி வழியில் சுவாரஸ்யம் போய் நின்றுவிடும். பெரும்பாலும். காலைத் தூக்கி உதைக்கிற வித்தை மட்டும் வேண்டாம். ஒரு கால் பெடலை விட்டதும் ஹேண்டில் ஆடும், அப்புறம் நீங்கள் விழுவது நாய்களுக்கு நடுவில்தான். பிஸ்கட் போட்டுப் பழக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பழகும். அதன் பிறகு பாசத்தில் துரத்தும், பாக்கெட் காலியாகும் வரை விடாது.

பல் பட்டுவிட்டால் சிரிப்பதற்கு இல்லை. சின்னக் கீறலாக இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ஊசியைப் பாதியில் நிறுத்தாமல் சொன்ன தேதிகளில் எல்லாம் போட்டு முடியுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.

கேள்வி: மேப் காட்டிய வழியில் போனேன். பாந்த்ரா-வொர்லி சீ லிங்க் வாசலில் மடக்கிவிட்டார்கள். டோல் கொடுக்கிறேன் என்றேன், சிரிக்கிறார்கள்.
- எம்., சயான்

பதில்: மேப்பைக் காருக்கு வைத்துவிட்டுச் சைக்கிளில் போனால் அது வேறு எங்கே அனுப்பும்? 2009-இல் திறந்த நாளிலிருந்து அந்த 5.6 கிலோமீட்டர் பாலத்தில் சைக்கிள், பைக், ஆட்டோ எதற்கும் இடமில்லை. கோஸ்டல் ரோடும் அப்படித்தான், 2024-இல் திறந்த அடல் சேதுவும் அப்படித்தான். ஜே.ஜே. ஃப்ளைஓவரிலும் இரண்டு சக்கரத்துக்குத் தடை, கீழே முகமது அலி ரோடு வழியாகத்தான் போக வேண்டும். ரம்ஜான் ராத்திரியில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் சைக்கிளைத் தள்ளக்கூட இடமிருக்காது, ஓரமாகச் சாய்த்துவிட்டு மால்புவா சாப்பிடப் போய்விடுவது உத்தமம்.

நீங்கள் போக வேண்டியது மாஹிம் காஸ்வே. 1840-களில் அரசாங்கம் பணம் தர மறுத்தபோது பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி லேடி ஜம்ஷெட்ஜி தன் கையிலிருந்து 1,57,000 ரூபாய் கொடுத்துக் கட்டவைத்த பாதை. யாரிடமும் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அந்த அம்மா போட்ட நிபந்தனை. உங்கள் டோல் பணம் மிச்சம்.

கேள்வி: நாக்காபந்தியில் (ரோட்டை மறித்துப் போலீஸ் செய்யும் சோதனை) என்னை நிறுத்தி மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன், ஒன்றும் இல்லை. அப்புறம் லைசென்ஸ் கேட்டார்கள். சைக்கிளுக்கு ஏது என்றேன். அப்படியானால் சைக்கிள் வாங்கிய பில்லைக் காட்டு என்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. சைக்கிளில் போகிறவனை ஊதச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், முலுண்ட்

பதில்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற கணக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வருகிறது. பெயரிலேயே மோட்டார் இருக்கிறது. பெடல் சைக்கிள் அதில் வராது, லைசென்ஸும் வேண்டாம். அதற்காக நாலு ரவுண்டு ஏற்றிக்கொண்டு சட்டம் பேசலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் 1949-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் நீங்கள் சைக்கிளில் இருந்தாலும் செருப்பில்லாமல் நடந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பில் விஷயத்தில் நான் போலீஸ் பக்கம். இந்த ஊரில் சைக்கிள் திருட்டு சகஜம், நடுராத்திரியில்தான் அது இடம் மாறும். பில்லைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரேம் நம்பரையும் சேர்த்து.

கேள்வி: மூன்று மணிக்கு வந்தால் சொசைட்டி கேட் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் தூங்குகிறார். பெல் அடித்தால் அவரைத் தவிர கட்டடம் முழுக்க எழுந்துகொள்கிறது.
- ஜே.பி., டோம்பிவிலி

பதில்: செக்ரட்டரி வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று அடியுங்கள். அடுத்த மீட்டிங்கிலேயே முடிவு கிடைக்கும், உங்களுக்குச் சாதகமாகவா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: வயது அறுபத்தெட்டு. கும்பகோணத்தில் நான் படித்த காலத்தில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிடுவார், டபுள்ஸ் போனாலும் அதே தண்டனை. அந்தப் பயத்தில் இன்றைக்கும் டைனமோதான் வைத்திருக்கிறேன். பேரன் சிரிக்கிறான்.
- ஆர்.எஸ்., செம்பூர்

பதில்: பேரன் டைனமோவைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும். ஆனால் அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது ஐயா. டயரில் உரசிச் சுற்றும் அந்த டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட். சக்கரம் சுற்றினால்தான் வெளிச்சம். ஏற்றத்தில் மூச்சு வாங்கி மெதுவாக மிதிக்கும்போது மங்கிவிடும், சிக்னலில் காலை ஊன்றினால் சுத்தமாக அணைந்துவிடும். அந்த நேரத்தில் பின்னால் வரும் டெம்போக்காரருக்கு நீங்கள் அங்கே நிற்பதே தெரியாது. கும்பகோணத்தில் பின்னால் மாட்டு வண்டி வந்திருக்கும், பரவாயில்லை.

டைனமோவைக் கழற்ற வேண்டாம். கூடவே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். கேரியரில் பை வைத்தால் அது மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும், பலபேர் கோட்டை விடுவது அங்கேதான். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தால் இன்னும் நல்லது. அது மேலும் கீழும் ஆடும்போது, போவது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: லால்பாக் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்குப் பஞ்சர். டாக்ஸிக்காரர்கள் ஒருவரும் சைக்கிளை ஏற்றவில்லை. முன்பெல்லாம் கூரையில் போட்டுக் கட்டுவார்களே?
- டி., பாண்டுப்

பதில்: அது பிரீமியர் பத்மினி காலம். கூரையில் கேரியர் இருக்கும், கட்டில், பீரோ, பாட்டியின் டிரங்குப் பெட்டி எதுவும் போகும். மும்பை டாக்ஸிகளுக்கு வயது வரம்பு 20 வருஷம், கடைசியாகப் பதிவான பத்மினியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது ஓடுவது சின்னக் கார்கள். டிக்கியைத் திறந்தால் சி.என்.ஜி. சிலிண்டர் படுத்திருக்கிறது, பெட்டி வைக்கவே இடமில்லை. முன் சக்கரத்தைக் கழற்றினால் பின் சீட்டில் ஏற்றிவிடலாம். ஆனால் செயின் கிரீஸ் சீட்டில் படும் என்று டிரைவர் முறைப்பார், கையில் ஒரு பழைய பெட்ஷீட்டைக் காட்டினால் மனசு இளகும். அதைவிட ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு டயர் லீவர், சின்னப் பம்பு எடுத்துப் போவது சுலபம். டியூப் மாற்றுவதைப் பகலில் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள், பேரம் பேசுகிற நேரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கேள்வி: மழைக்காலத்தில் ராத்திரி ஓட்டலாமா?
- எஸ்., கிங்ஸ் சர்க்கிள்

பதில்: கிங்ஸ் சர்க்கிளில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் உங்கள் தெருவிலும் ஹிந்த்மாதாவிலும் சைக்கிள் இல்லை, படகுதான். தூறலில் ஓட்டலாம். தரை தெரியாத தண்ணீரில் இறங்கவே கூடாது, கீழே மூடி இல்லாத மேன்ஹோல் இருக்கலாம். பேவர் பிளாக்குகளுக்கு அடியில் மணல் அரித்துப்போய், ஒரு கல்லை மிதித்தால் பக்கத்துக் கல் எழும்பி அழுக்குத் தண்ணீரை முழங்கால் வரை பீய்ச்சும். ஈரத்தில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், முன்கூட்டியே அமுக்குங்கள். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

கேள்வி: விடியற்காலையில் சாசூன் டாக் மீன் ஏலம் பார்க்கப் போனேன். வாசலிலேயே சறுக்கி மீன் விற்கும் கோலி (மீனவர்) அம்மா ஒருவரின் போம்பில் மீன் (பாம்பே டக்) கூடையில் விழுந்தேன். "உட்கார்ந்தது நீ, வாங்க வேண்டியதும் நீ" என்று கூடையோடு தலையில் கட்டிவிட்டார். நான் ஐயர் வீட்டுப் பையன். வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது?
- பெயர் கண்டிப்பாக வேண்டாம், மாட்டுங்கா

பதில்: 1875-இலிருந்து மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஓடுகிற இடம் தம்பி அது, அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். கேட்டுக்கு வெளியிலேயே இறங்கித் தள்ள வேண்டும். டயரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் மாட்டுங்காவின் பூனைகள் எல்லாம் உங்கள் மாடிப்படியில்தான் குடியிருக்கும்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், சாப்பிடுகிற நண்பர் யாருக்காவது கொடுங்கள். குழம்பில் போட்டுக் கிளறினால் கரைந்துவிடும் என்று சொல்லிக் கொடுங்கள், போம்பில் மீன் முழுக்கத் தண்ணீர். நடுவில் கீறி விரித்து, மேலே அம்மிக்குழவி மாதிரி கனமாக எதையாவது வைத்துத் தண்ணீரை வடிய விட்டு, மிளகாய்த்தூள், உப்பு தடவி ரவையில் புரட்டிப் பொரிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை கடைசியில்.