அலகு மாற்றக் கணக்குகளில் குழந்தை தடுமாறினால் வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், 1 கிலோகிராமுக்கு 1000 கிராம் என்று தவறில்லாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் கணக்கு என்று வந்தால் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று குழம்புகிறாள். 3 மீட்டர் 5 சென்டிமீட்டரை 35 சென்டிமீட்டர் என்று எழுதுகிறாள். பயிற்சிக் கணக்குகளை இன்னும் கூட்டலாமா, அல்லது வேறு வழி உண்டா?

பதில்: பயிற்சிக் கணக்குகளைக் கூட்டுவதைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள். உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம், அலகுகள் உண்மையில் எவ்வளவு பெரியவை என்பது மனத்தில் பதியாததால் வருவது. 305-க்குப் பதிலாக 35 என்று எழுதுவது இடமதிப்புச் சிக்கல். இரண்டையும் ஒப்பித்தல் தீர்க்காது. உங்கள் மகள் ஏற்கெனவே நன்றாகத்தான் ஒப்பிக்கிறாள்.

முதலில், தாளும் பென்சிலும் இல்லாமல் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். 1 மீட்டர், 90 சென்டிமீட்டர் இரண்டில் எது நீளம்? இந்த மேசையின் நீளத்தை மீட்டரில் சொன்னால் பெரிய எண் வருமா, மில்லிமீட்டரில் சொன்னால் பெரிய எண் வருமா? ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள எதையாவது காட்ட முடியுமா? இரண்டாவது கேள்விக்கு "மீட்டரில்தான், ஏனென்றால் மீட்டர் பெரியது" என்ற பதில் வருமானால் வியப்படைய வேண்டாம். பெரிய அலகு என்றால் பெரிய எண் என்று எண்ணுவது இந்த வயதில் மிக இயல்பானது. பெருக்கல், வகுத்தல் குழப்பத்தின் வேரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிட அளக்க வைப்பது எளிது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டைகள் பத்து வெட்டுங்கள். அவற்றை வரிசையாக ஒட்டினால் ஒரு மீட்டர் கிடைக்கும். பட்டை ஒவ்வொன்றும் ஒரு டெசிமீட்டர். அன்றாடப் பேச்சில் டெசிமீட்டர் வருவதே இல்லை என்பதால் பெற்றோர் பலரும் அதைத் தவிர்த்துவிடுகின்றனர். ஆனால் 35-ஐ 305 ஆக்கப்போவது அதுதான் என்பதைப் பின்னர் பார்ப்போம். இப்போது ஒரே மேசையை முதலில் மீட்டர் பட்டையாலும், பிறகு டெசிமீட்டர் பட்டையாலும், கடைசியாக அளவுகோலைக் கொண்டு சென்டிமீட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். மேசை மாறவில்லை, அலகு சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை மட்டும் கூடுகிறது என்பதைக் குழந்தை தன் கையால் கண்டுகொள்ளும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் "எத்தனை வரும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். மதிப்பிட்டுப் பார்த்த பிறகு அளப்பதுதான் பயன் தரும். வெறுமனே அளந்து எழுதும் எண் விரைவில் மறந்துபோகும். அளவுகோலில் விளிம்பிலிருந்தோ 1 என்ற கோட்டிலிருந்தோ தொடங்காமல், 0 என்ற கோட்டிலிருந்து தொடங்குகிறதா என்பதையும் ஒருமுறை கவனித்துவிடுங்கள்.

எடைக்கும் கொள்ளளவுக்கும் இதே போன்ற சில அடையாளங்கள் போதும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். ஆகவே அத்தகைய 200 தாள்கள் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். "500 தாள் கட்டு எத்தனை கிலோகிராம்?" என்ற கேள்வி, பாடநூலின் எந்தக் கணக்கையும்விடச் சுவையான அலகு மாற்றக் கணக்கு. கொள்ளளவுக்கு, ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி ஒன்றை அட்டையில் செய்து காட்டலாம். அதற்குள் சரியாக ஒரு லிட்டர் அடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்பதை எடை பார்க்கும் கருவியில் வைத்தே காட்டிவிடலாம். வெற்றுப் பாட்டிலின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

இனி 3 மீட்டர் 5 சென்டிமீட்டருக்கு வருவோம். உங்கள் மகள் இரண்டு எண்களையும் அருகருகே ஒட்டிவிட்டாள். முந்நூற்று ஐந்து என்ற எண்ணை 35 என்று எழுதும் குழந்தை செய்வதும் இதையேதான்: நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பது அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. மெட்ரிக் முறை 1795-இல் பிரான்சில் சட்டமாக்கப்பட்டபோது, அலகுகள் நாம் எண்களை எழுதும் முறையைப் போலவே பத்துப் பத்தாக ஏறி இறங்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டன. எனவே இடமதிப்பு அட்டவணையையே அலகு அட்டவணையாகவும் பயன்படுத்தலாம்.

ஒரு தாளில் ஏழு கட்டங்களை வரிசையாக வரையுங்கள். இடமிருந்து வலமாக கிலோ, ஹெக்டோ, டெகா, மீட்டர், டெசி, சென்டி, மில்லி என்று எழுதுங்கள். ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம் மட்டுமே அமரலாம் என்பது விதி. 3 மீட்டர் 5 சென்டிமீட்டரை வைக்கும்போது மீட்டர் கட்டத்தில் 3, சென்டி கட்டத்தில் 5 அமரும். இடையில் டெசி கட்டம் காலியாக நிற்கும். அங்கே பூச்சியம் வேண்டும் என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். அதன் பின் 305 என்று சென்டி கட்டம் வரை வாசித்தால் 305 சென்டிமீட்டர். மில்லி கட்டத்திலும் ஒரு பூச்சியம் இட்டு அதுவரை வாசித்தால் 3050 மில்லிமீட்டர். மீட்டர் கட்டத்துக்கு அடுத்து ஒரு புள்ளி வைத்தால் 3.05 மீட்டர். இலக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எந்தக் கட்டத்தை ஒன்றுகளின் இடமாகக் கொள்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. இந்த ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால், தசமங்கள் பிறகு பள்ளியில் வரும்போது 3 மீட்டர் 5 சென்டிமீட்டரை 3.5 மீட்டர் என்று எழுதும் பிழையும் வராது.

மீட்டர் என்ற கட்டத்தின் பெயரைக் கிராம் என்றோ லிட்டர் என்றோ மாற்றினால் அதே அட்டவணை எடைக்கும் கொள்ளளவுக்கும் பயன்படும். 2 கிலோகிராம் 50 கிராமை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோ கட்டத்தில் 2, ஹெக்டோவில் எதுவுமில்லை, டெகாவில் 5, கிராமில் 0. ஆகவே 2050 கிராம். ஹெக்டோ, டெகா ஆகிய பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. அவை அங்கே இடம் பிடிக்க நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனால் கிலோ என்றால் ஆயிரம், சென்டி என்றால் நூறில் ஒரு பங்கு, மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற மூன்றும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடத்துக்கு இடமுண்டு என்றால் இங்கேதான்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது "நூறால் பெருக்க வேண்டுமானால் இரண்டு பூச்சியம் சேர்" என்ற குறுக்குவழியைத் தவிர்ப்பது நல்லது. முழு எண்களுக்கு அது சரியாக வரும். 2.5 மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றச் சொன்னால், அதே விதியை நம்பிய குழந்தை 2.500 என்று எழுதி நிற்கும், விதி ஏன் பொய்த்தது என்று அதற்குப் புரியாது. அதற்குப் பதிலாக, எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்குங்கள்: "விடை எண் கூடுமா, குறையுமா?" சிறிய அலகுக்குப் போகிறோம் என்றால் கூடும், ஆகவே பெருக்கல். பெரிய அலகுக்குப் போகிறோம் என்றால் குறையும், ஆகவே வகுத்தல். பட்டைகளால் மேசையை அளந்த குழந்தைக்கு இந்தக் கேள்வி விதியாகத் தோன்றாது, தான் கண்டதாகவே தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். நேரக் கணக்குகளை இந்த அட்டவணையோடு கலக்காதீர்கள். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் 1.5 மணி நேரம் 90 நிமிடம்தான், 150 அன்று. பரப்பளவிலும் இது அப்படியே செல்லாது: ஒரு சதுர மீட்டரில் 100 அன்று, 10,000 சதுர சென்டிமீட்டர் உண்டு. பரப்பளவுப் பாடம் வரும் வரை அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். அதில் பெரும்பகுதியை மதிப்பிடுவதற்கும் அளப்பதற்கும் செலவிட்டு, கடைசியில் மூன்று அல்லது நான்கு கணக்குகளை மட்டும் அட்டவணையில் செய்யுங்கள். நடுவில் பூச்சியம் வரும் கணக்குகளாக, அதாவது 4 மீட்டர் 7 சென்டிமீட்டர், 1 லிட்டர் 75 மில்லிலிட்டர், 6 கிலோகிராம் 8 கிராம் போன்றவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அட்டவணையைப் பார்க்காமலேயே சரியான விடை வரத் தொடங்கும்போது தாளை எடுத்துவிடலாம். அட்டவணை இருந்தும் குழப்பம் தொடர்ந்தால், அலகுகளை ஒதுக்கிவிட்டு 305, 2050, 6008 போன்ற வெறும் எண்களைச் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். அங்கேயும் பிழை வந்தால், முதலில் இடமதிப்பைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அலகுகளுக்குத் திரும்புங்கள். இதை வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுவது நல்லது.