"எனக்கு யாரும் வேணாம், தனியா இருக்கறதுதான் பிடிக்கும்"னு என் ரூம்மேட் சொல்றான். நம்பலாமா? இப்படி ஒருத்தர் கேட்டிருந்தார்.

அவன் பொய் சொல்லல. ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

டேவிட் மெக்லெலண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1989ல ரெண்டு பேரோட சேர்ந்து எழுதின பேப்பர்ல இததான் பேசறார். நம்மள பத்தி நாமே சொல்லிக்கற ஆசை ஒண்ணு, நமக்கே தெரியாம உள்ள ஓடற ஆசை இன்னொண்ணு, ரெண்டுக்கும் பெரிசா சம்பந்தம் இருக்கறதில்ல. முதலாவத தெரிஞ்சுக்க கேள்விய நீட்டினா போதும். ரெண்டாவதுக்கு படத்த காட்டி கதை எழுத சொல்வாங்க, உள்ள ஓடறது கதைல வெளிய வந்துடும்னு; 1935ல ஹார்வர்ட்ல மோர்கனும் முர்ரேயும் கொண்டு வந்த முறை. பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்திருக்கற படம்னு வைங்க, ஒருத்தர் "ரொம்ப நாள் கழிச்சு பார்க்கறாங்க, பேசி தீரல"ன்னு எழுதுவார், இன்னொருத்தர் "கடன் கேட்க வந்திருக்கான்"னு எழுதுவார். (இந்த முறைய திட்றவங்களும் நிறைய பேர், ஒரே ஆள் நாளைக்கு வேற மாதிரி எழுதுவாரேன்னு. நியாயமான கேள்விதான்.)

80கள் ஆரம்பத்துல காலேஜ் பசங்க கையில பீப்பர்னு அப்பப்போ சத்தம் போடற சின்ன கருவிய குடுத்து, அது அடிக்கறப்பல்லாம் என்ன பண்றீங்கன்னு எழுத வச்சாங்க. கதைல உறவு, நெருக்கம்னு எழுதினவங்கதான் அது அடிக்கற நேரத்துல யார்கிட்டயாவது பேசிட்டு இருந்தது அதிகம். "எனக்கு ஆளுங்க முக்கியம்"னு வாயால சொன்னவங்க, இத தனியா செய்வியா துணையோடயான்னு கேட்டா துணையோடன்னு டிக் அடிச்சாங்க, அது வேற கணக்கு.

எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் இருக்கார், டீம் லஞ்ச்னா "வரல பாஸ், கூட்டம் நமக்கு செட் ஆகாது"ம்பார். ஆனா டீக்கு நேரா லிஃப்டுக்கு போக மாட்டார், என் சீட் பக்கம் சுத்திட்டு வந்து சேர்ல ரெண்டு தட்டு தட்டி "கீழ போறேன்"னு மட்டும் சொல்வார், வாங்கன்னு கூப்பிடவும் மாட்டார், நான் எந்திரிக்கற வரைக்கும் அங்கயே நின்னு போன நோண்டிட்டு இருப்பார். செக்யூரிட்டி அண்ணன் பொண்ணு என்ன படிக்குதுன்னு ஆபீஸ்லயே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால ரூம்மேட்கிட்ட "வர்றியா"ன்னு கேட்டா "இல்ல"தான் வரும். கேட்காம ரெண்டு தோசை சேர்த்து ஊத்துங்க, தட்ட எடுத்துட்டு ரூமுக்குள்ள போறானா, இல்ல அடுப்படியிலயே நின்னு சாப்பிடறானான்னு பாருங்க. உள்ள போனா விட்டுடுங்க.