விமானத்தில் ஏறாத ஷிப்மென்ட்

தம்பி, உங்கள் ரெஸ்யூமை அவிநாசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு படித்தேன். மூன்றே முக்கால் பக்கம். "அக்கா, கனடா பிஆர் (நிரந்தரமாத் தங்குற அனுமதி) வந்துருச்சுங்க, அடுத்த மாசம் டொராண்டோ. இங்கிருந்தே நூத்தி இருபது கம்பெனிக்கு அனுப்பிட்டேன், ஒரு பதிலும் வரல. ரெஸ்யூம்ல என்ன தப்பு?" என்று கேட்டிருந்தீர்கள்.

பாதித் தப்பு ரெஸ்யூமுடையது இல்லை. திருப்பூர் முகவரியும் இந்திய ஃபோன் நம்பரும் இருந்தால் பெரும்பாலான இடங்களில் அதற்கு மேல் படிக்கவே மாட்டார்கள். போய் இறங்கி, சிம் வாங்கி, அந்த நம்பரைப் போட்டு அனுப்புங்கள். அதுவரைக்கும் அனுப்புவதை நிறுத்திவிட்டு ரெஸ்யூமைச் சரி செய்யலாம்.

முதலில் வெட்ட வேண்டியது. போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், 'திருமணம் ஆகாதவர்', பாஸ்போர்ட் நம்பர், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று இடம், தேதி, கையெழுத்து. கூட்டமும் (குலப்பிரிவு) குலதெய்வமும்தான் பாக்கி, அதையும் சேர்த்திருந்தால் அப்படியே பெண் பார்க்க அனுப்பிவிடலாம். சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், 2012-ல் நான் கனடாவுக்குக் கொண்டுபோனதும் இதே தாள்தான், போட்டோவில் மல்லிகைப்பூ வேறு. கனடாவில் வயது, மதம், திருமணம் இதையெல்லாம் பார்த்து ஆளை ஒதுக்குவது சட்டத்துக்கு எதிரானது. அதனால் அந்த விவரங்களைத் தாளில் பார்த்தாலே ஆள் எடுப்பவர்களுக்குச் சங்கடம். பாஸ்போர்ட் நம்பர் திருட்டுக்குத்தான் உதவும். அங்கே போனதும் அரசு கொடுக்கிற சின் நம்பரையும் (சமூகக் காப்பீட்டு எண்) ரெஸ்யூமில் போடாதீர்கள், வேலையில் சேர்ந்த பிறகு கொடுத்தால் போதும். ஈமெயிலில் உங்கள் அபிமான நடிகரையும் பிறந்த வருசத்தையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வேறொன்று தொடங்கிவிடுங்கள்.

பெயரில் இனிஷியலை முன்னால் வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். அங்கே உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். பாங்கில் எங்கள் அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பத்து நிமிசம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. பெரிய சிக்கல் உங்கள் முதல் வரியிலேயே இருக்கிறது. 'மெர்ச்சண்டைசர், ஆறு வருட அனுபவம்.'

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். பையரிடம் (துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி) ஆர்டர் பேசி, நூல் வாங்கி, நிட்டிங், டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் செய்வது), கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகத் துரத்தி, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும்வரை தூங்காதவர். கனடாவில் அதே சொல்லுக்குப் பெரும்பாலும் வேறு பொருள். சூப்பர் மார்க்கெட்டில் தட்டுத் தட்டாகப் பொருள் அடுக்கி, விலைச்சீட்டு ஒட்டி, கடையை அழகாக வைப்பவரும் மெர்ச்சண்டைசர்தான். நீங்கள் சப்ளை செயின் வேலைக்கு விண்ணப்பித்தால், ஆறு வருசம் ரேக் அடுக்கியவர் எதற்கு இங்கே வருகிறார் என்று நினைத்து மூடிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. நான்கு மாதம் கழித்து, புதிதாக வருகிறவர்களுக்கு உதவுகிற ஓர் இடத்தில் ஒரு அம்மா, "நீ எந்தக் கடையில் அடுக்கினாய்?" என்று கேட்டபோதுதான் விளங்கியது.

அதற்காகப் பதவியை மாற்றிப் பொய் எழுத வேண்டாம், சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். மெர்ச்சண்டைசர் என்றே எழுதி, பக்கத்திலேயே 'ஆடை ஏற்றுமதி, ஆர்டர் மற்றும் உற்பத்தி ஒருங்கிணைப்பு' என்று ஆங்கிலத்தில் விளக்கிவிடுங்கள். கம்பெனி பெயருக்குக் கீழே ஒரே வரியில் அது என்ன கம்பெனி, எத்தனை தொழிலாளர்கள், எந்த நாட்டுக்கு ஏற்றுமதி என்று போடுங்கள். திருப்பூர் எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற ஊர் என்பதை அந்த ஒரு வரியில் நுழைத்துவிட்டால், நீங்கள் ஏதோ ஒரு சந்திலிருந்து வரவில்லை என்று புரியும்.

அப்புறம் எண்கள். 'ரூ.12 கோடி ஆர்டர் கையாண்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோடி அங்கே யாருக்கும் ஏறாது. கனடா டாலருக்கு அறுபது ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 20 லட்சம் டாலர், அதாவது இரண்டு மில்லியன். அப்படியே எழுதுங்கள். பீஸ் கணக்கில் கமாவையும் பாருங்கள். 6,00,000 என்று போட்டால் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார்கள், 600,000 என்று இருக்க வேண்டும். தேதியில் 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று குழப்பம் வரும். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். 'பையர் ஃபாலோ-அப் செய்தேன், சாம்பிள் அப்ரூவல் வாங்கினேன், உற்பத்தியைக் கண்காணித்தேன்' என்று பதினோரு வரி. திருப்பூரில் எந்த மெர்ச்சண்டைசர் ரெஸ்யூமை எடுத்தாலும் இதே பதினோரு வரிதான். நேற்று ஃபோனில் பேச்சுவாக்கில் கேட்டேன், "உங்க கையில எத்தனை ஷிப்மென்ட் ஏர்ல போச்சு?" நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள், "ஆறு வருசத்துல ஒண்ணே ஒண்ணுங்க்கா. அதும் டையிங்ல ஷேடு மாறிப்போச்சு, திரும்பப் போட வேண்டியதாப் போச்சு." தம்பி, அது ஏன் தாளில் இல்லை? தேதி தவறிக் கப்பலை விட்டுவிட்டு, சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றினால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடும். கடல் கடந்து துணி வாங்குகிற கம்பெனிக்காரருக்கு இந்த ஒரு வரி போதும். ஆண்டுக்கு எத்தனை ஷிப்மென்ட், அதில் எத்தனை குறித்த தேதியில் போனது, ஏரில் போனது ஒன்று. இதை முதல் வரியாக வையுங்கள். அந்தப் பதினொன்றில் நான்கு இருந்தால் தாராளம்.

எனக்கு வேலை கிடைத்ததும் இப்படி ஒரு கதையால்தான். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடின, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் விடாத ஏற்பாடு செய்யும்வரை திறக்க முடியாது என்று. அப்போது என் கையில் நான்கு ஆர்டர். துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பி, சாயம் போட்டு வாங்கி, இரண்டு பையரிடம் கெஞ்சித் தேதி வாங்கி, நான்கையும் கப்பலிலேயே அனுப்பினோம். பதினோரு மாதம் குடோனில் பெட்டி தூக்கிய பிறகு டொராண்டோ பக்கத்து மிஸிஸாகாவில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் இன்டர்வியூ. ரெஸ்யூமில் இரண்டு வரியாக இருந்த இந்தச் சம்பவத்தைத்தான் கால் மணி நேரம் கேட்டார்கள். குடோன் வேலையையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

வடிவம் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். இரண்டு பக்கம், பக்கத்தை நெடுக்கில் பிரிக்காமல், கறுப்பு எழுத்து. நெடுக்கில் இரண்டாகப் பிரித்து, கட்டம், ஐகான் எல்லாம் போட்டால் ரெஸ்யூமை முதலில் படிக்கிற மென்பொருள் தடுமாறலாம். தமிழுக்கு ஐந்து நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு நாலு என்று போட்டிருக்கிறீர்களே, மீதி ஒரு நட்சத்திரத்தை யார் பிடுங்கியது? எடுத்துவிடுங்கள். விளம்பரத்தில் அவர்கள் என்ன சொல்லை வைத்திருக்கிறார்களோ, உங்களுக்கு உண்மையாகவே அந்த வேலை தெரிந்தால் அதே சொல்லைப் போடுங்கள்.

'கனடா அனுபவம் கேட்பாங்களா' என்றும் கேட்டிருந்தீர்கள். 2026 ஜனவரி 1 முதல் டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது, சம்பள வரம்பையும் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மனசுக்குள் கேட்பதைச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் நான் போன காலத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

விமானம் ஏறும் முன் ஒரு வேலை. கம்பெனியில் லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம் வாங்குங்கள், தேதியும் பதவியும் மட்டும் போதாது, செய்த வேலையும் அதில் இருக்கட்டும். முதலாளி நல்லவராக இருந்தாலும் அங்கிருந்து ஃபோனில் கேட்டு வாங்குவது படாத பாடு. ரெஃபரன்ஸுக்கு ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுகிற ஒருவரைப் பிடியுங்கள். கோடையில் அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ராத்திரி ஏழரை, அந்நேரத்துக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து கால் வரும், எடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

நான் ஞாயிறு வரை அவிநாசியில்தான் இருப்பேன். இரண்டு பக்கமாக்கி வியாழனுக்குள் அனுப்புங்கள். அந்த ஷேடு மாறின கதையில் டையிங்காரரிடம் என்ன பேசினீர்கள், எத்தனை நாளில் திரும்ப வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள், அதை நேற்று கேட்க மறந்துவிட்டேன்.